மினி சுமோ ரோபோ போட்டி (500 கிராம்): தகராறு வராத விதிமுறை எழுதுவது எப்படி?

லேப்_டீச்சர்

வணக்கம். பள்ளிகளுக்கு இடையே மினி சுமோ ரோபோ போட்டி (வட்ட மேடையில் இரண்டு சிறு ரோபோக்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளுவது) நடத்தப் போகிறோம். 16 அணிகள், 8 முதல் 12ஆம் வகுப்பு வரை. முழுவதும் தானியங்கி, ரிமோட் கிடையாது. ஒரே நாள், ஒரு ஹால், இரண்டு நடுவர்கள்.

விதிமுறையைத் தமிழில் எழுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும். 10 × 10 செ.மீ., 500 கிராம், உயரத்துக்கு வரம்பில்லை, 77 செ.மீ. வட்ட மேடை, 3 நிமிடம், முதலில் 2 புள்ளி எடுப்பவர் வெற்றி. இது வரை எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. கீழே உள்ளவற்றில்தான் தெளிவு வேண்டும்:

டயர் ஒட்டும் தன்மை உடையதா என்று எப்படிச் சோதிப்பது? எதிராளியின் அடியில் நுழையும் முன்பக்கத் தகடு (பிளேடு) எவ்வளவு கூராக இருக்கலாம்? இரண்டும் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் என்ன செய்வது? ஒரு ரோபோ மேடையிலேயே கவிழ்ந்துவிட்டால் தோல்வியா? யார் முதலில் ரோபோவை வைப்பது? மேடையை உள்ளூர் ஆசாரியிடமே செய்துகொள்ளலாமா?

நடுவர்நாற்காலி

மேடம், அளவும் எடையும் பிரச்சினையே இல்லை. சண்டை வருவதெல்லாம் "ஒட்டும்", "கூர்மையான", "முன்னேற்றம் இல்லாத" மாதிரியான சொற்களில்தான். அப்படி ஒரு சொல் விதியில் வந்தால் பக்கத்திலேயே ஒரு சோதனையோ விநாடிக் கணக்கோ இருக்க வேண்டும். சோதிக்க முடியாத விதியை எழுதாமல் விடுவதே நல்லது.

டயரில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஆட்டமே அங்கேதான் இருக்கிறது. 500 கிராம் ரோபோ தரையை அழுத்தும் விசை 4.9 நியூட்டன். மோட்டார் எவ்வளவு பலமாக இருந்தாலும், டயரின் பிடிப்புக்கு மேல் ஒரு துளிகூட அதிகமாகத் தள்ள முடியாது. உராய்வு எண் 1 என்று வைத்தால் 4.9 நியூட்டன்தான் உச்சம். அதனால் ஏமாற்ற நினைப்பவர் கை வைக்கும் முதல் இடம் டயர். வழக்கமான சோதனை இது: 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் மேல் ரோபோவை நிற்க வைத்து நேராக மேலே தூக்குங்கள். தாள் 2 விநாடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு தொங்கினால் ரோபோ தகுதி இழக்கும்.

அந்தத் தாளின் எடை வெறும் 5 கிராம். ஆகவே சுத்தமான மிருதுவான சிலிக்கான் டயர், எந்தப் பசையும் தடவாமலேயே, தாளைத் தூக்கிவிடக்கூடும். அதுவும் தோல்விதான் என்பதை விதியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள், போட்டிக்கு வந்த பிறகு பிள்ளைகள் அழக்கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் புதுத் தாள். காலைப் பரிசோதனையோடு நிறுத்தாமல், எந்த ஆட்டத்துக்கு முன்பும் நடுவர் திரும்பச் சோதிக்கலாம் என்றும் சேருங்கள். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில்தான் ஏதாவது தடவப்படும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது, செல்லோடேப்பில் உருட்டித் தூசி எடுப்பது இரண்டையும் அனுமதியுங்கள்.

கீழ்நோக்கி அழுத்தம் கூட்டும் எதையும் மினி பிரிவில் பெயர் சொல்லியே தடை செய்யுங்கள்: உறிஞ்சும் விசிறி, வாக்குவம் பம்ப், காந்தம். ஜப்பானின் 3 கிலோ பிரிவில் மேடை இரும்புத் தகடு, அடியில் சக்திவாய்ந்த காந்தம் வைத்த ரோபோக்கள் மின்னலாய்ப் பாய்கின்றன. பிள்ளைகள் வீடியோவில் பார்ப்பது அதைத்தான். மர மேடையில் காந்தம் வீண் எடை. ஆனால் விசிறி மரத்திலும் வேலை செய்யும்.

பிளேடு: கூர் தீட்டாத 0.25 மி.மீ. உலோகப் பட்டையின் விளிம்பு எப்படி இருக்குமோ அதுவரை சரி. விளிம்பின் வளைவு ஆரம் சுமார் 0.13 மி.மீ. என்று ஆகும். அதற்கு மேல் கூராக்கினால் மேடையைச் சுரண்டும், விரலையும் வெட்டும். கட்டர் பிளேடு, ஷேவிங் பிளேடு ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடுங்கள். நடுவரிடம் ஒரு துண்டு பழைய சன்மைக்கா இருக்கட்டும். ரோபோவை அதன் மேல் முன்னும் பின்னும் கையால் தள்ளுங்கள், கீறல் விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கவிழ்ந்தால் தோல்வி இல்லை. பலரும் தவறாக எழுதும் விதி இது. மேடைக்குள் கவிழ்ந்து கிடக்கும் ரோபோவுக்கு எதிராகப் புள்ளி கிடையாது, ஆட்டம் தொடரும். எதிராளி அதை வெளியே தள்ளினால்தான் புள்ளி. ரோபோவின் ஏதாவது ஒரு பகுதி மேடைக்கு வெளியே உள்ள இடத்தைத் தொட்டால் புள்ளி போகும். வெள்ளைக் கோடு மேடையைச் சேர்ந்தது. கோட்டைத் தாண்டி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றால் தவறில்லை, வெளியே தொட வேண்டும்.

முட்டிக்கொண்டு நிற்பது: பின்னிக்கொண்டோ ஒன்றையொன்று சுற்றிக்கொண்டோ 5 விநாடி முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்தி மறு தொடக்கம். நகர்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் நடுவர் 30 விநாடி வரை நீட்டிக்கலாம். ஒன்றையொன்று தொடாமல் இரண்டும் ஒரே நேரத்தில் நின்று, 5 விநாடி அப்படியே இருந்தாலும் மறு தொடக்கம். ஒன்று முதலில் நின்று 5 விநாடி அசையாமல் இருந்தால் அதற்குப் போராடும் எண்ணம் இல்லை என்று கொண்டு எதிராளிக்குப் புள்ளி, பிறகு எதிராளியும் நின்றுவிட்டால்கூட. இரண்டும் சேர்ந்து விழுந்து, எது முதலில் தொட்டது என்று தெரியவில்லையென்றால் மறு தொடக்கம். வீடியோவைப் பார்த்து முடிவு சொல்வதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஒருமுறை பார்த்தால் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.

3 நிமிடம் முடியும்போது ஒருவர் 1 புள்ளி எடுத்திருந்தால் அவருக்கே வெற்றி. யாருக்கும் இல்லையென்றால் கூடுதல் நேரம், அதில் முதல் புள்ளி எடுத்தவர் வெற்றி. அதிலும் முடியாவிட்டால் பல விதிமுறைகள் முடிவை நடுவர் கையில் விடுகின்றன. பள்ளி அளவில் அது மனக்கசப்பில் முடியும். குறைவான விதிமீறல், அதுவும் சமமானால் எடை குறைந்த ரோபோ என்று எழுதிவிடுங்கள். தராசு யாருக்கும் வேண்டியவர் இல்லை.

சின்ன மீறல்கள் என்று தனிப் பட்டியல் வைத்து, இரண்டு சேர்ந்தால் எதிராளிக்கு 1 புள்ளி என்று வையுங்கள். தொடக்கத்தில் ரோபோ காத்திருக்க வேண்டிய 5 விநாடி முடியும் முன் கிளம்புவது, நடுவர் சொல்லாமல் மேடைக்குள் கை விடுவது, காரணமில்லாமல் நிறுத்தச் சொல்வது, அடுத்த சுற்றுக்கு 30 விநாடிக்குள் தயாராகாதது. கழன்று விழும் திருகு, நட்டு மாதிரி 5 கிராமுக்குக் குறைந்த பாகத்துக்குத் தண்டனை இல்லை.

கியர்பாக்ஸ்

மேடையைப் பற்றி நான் சொல்கிறேன். ஆசாரியிடம் தாராளமாகச் செய்யலாம், ஆனால் வரைபடத்தோடு போங்கள்.

உயரம் 2.5 செ.மீ. 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, மேலே 1 மி.மீ. கறுப்பு மேட் சன்மைக்கா. மொத்தம் சரியாக 25 மி.மீ. இரண்டு பிளைவுட்டையும் ஒட்டும்போது இழையின் திசையை ஒன்றுக்கொன்று குறுக்காக வையுங்கள், இல்லாவிட்டால் சில வாரங்களில் தட்டு போல் வளைந்துவிடும். ஒட்டிய பிறகு ஓர் இரவு முழுவதும் பளு ஏற்றி வைக்க வேண்டும். நேரான அலுமினியக் குழாயைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் 1 மி.மீ. வெளிச்சம் தெரிந்தால்கூடத் தாழ்வான பிளேடு வைத்த ரோபோ ஒரு பக்கம் முட்டும், இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

வெட்டும் விட்டம் 77 செ.மீ. அதற்குள் 2.5 செ.மீ. அகல வெள்ளைக் கோடு, ஆக உள்ளே கறுப்பு 72 செ.மீ. கோட்டுக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீர்கள். முதல் சில ஆட்டங்களிலேயே பிளேடு அதன் ஓரத்தில் மாட்டி உரித்துவிடும். சன்மைக்காவை 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, வெள்ளை எனாமல் பெயின்ட் இரண்டு மெல்லிய கோட் அடியுங்கள். தேய்க்காமல் அடித்தால் பெயின்ட் செதில் செதிலாக வரும். டேப்பைப் பெயின்ட் முழுவதும் காயும் முன் எடுத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு எடுத்தால் ஓரம் மேடாக நிற்கும்.

இன்னொன்று, கண்ணால் கண்டுபிடிக்க முடியாதது. வெள்ளைக் கோட்டைக் கண்டறியும் கோடு சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கின்றன. நமக்குக் கறுப்பாகத் தெரியும் எல்லாம் அந்த ஒளிக்குக் கறுப்பு இல்லை. சில கறுப்புச் சாயங்கள் அதை நன்றாகவே திருப்பி அனுப்பும். ஆகவே சன்மைக்கா வாங்குவதற்கு முன் கடையிலேயே மாதிரித் துண்டு கேட்டு, ஒரு கோடு சென்சாரை 3 மி.மீ. உயரத்தில் பிடித்துக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து பாருங்கள். சென்சார் அளவை 0 முதல் 1023 வரை காட்டும் ஆர்டுயினோ கட்டுப்பாட்டு போர்டில் குறைந்தது 400 வித்தியாசம் வந்தால் எல்லா அணியும் நிம்மதியாக இருக்கலாம்.

இதே காரணத்துக்காக, நடுவில் வரையும் இரண்டு பழுப்புத் தொடக்கக் கோடுகளையும் விட்டுவிடலாம் என்பேன். மினி மேடையில் அவை 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கும். பழுப்பு பெயின்ட் அகச்சிவப்புக்குப் பெரும்பாலும் வெள்ளை மாதிரியே தெரியும். விளிம்பு வந்துவிட்டது என்று நினைத்து ரோபோ நடு மேடையில் பின்வாங்கும். வேண்டுமென்றால் பென்சிலால் மெல்லிய குறி போதும்.

மேடையை வைக்கும் இடமும் விதிமுறையில் வர வேண்டும். சுற்றிலும் 50 செ.மீ. காலியாக இருக்கட்டும். 77 + 50 + 50 = 177 செ.மீ. 6 அடிக்கு 3 அடி மேஜை இரண்டைச் சேர்த்தால் 183 செ.மீ. சதுரம் கிடைக்கும், கச்சிதம். விழும் ரோபோ தரைக்குப் போகாதபடி மேஜை ஓரத்தில் 2 செ.மீ. உயர ஃபோம் பட்டை ஒட்டுங்கள். அதற்கு மேல் உயரம் வேண்டாம், எதிராளியைத் தேடும் சென்சார் அதைப் பார்த்துவிடும். தரையில் மேடை வைத்தால் நடுவரின் ஷூவைத் துரத்திக்கொண்டு ரோபோ தானாகவே வெளியே போகும். 10 முதல் 80 செ.மீ. வரை பார்க்கும் ஷார்ப் நிறுவனத் தூர சென்சார்தான் பெரும்பாலும் வரும் என்பதால் இது கட்டாயம்.

ஜன்னல் பக்கம் வேண்டாம். வெயிலிலும் ஹாலோஜன் விளக்கிலும் அகச்சிவப்பு நிறைய. எல்இடி டியூப் இருந்தால் போதும். வீடியோ எடுப்பவர் ஃபிளட் லைட் கொண்டுவந்தால் முதலில் தடுத்துவிடுங்கள்.

அதே மாதிரி, எதிராளியின் சென்சாரைக் குருடாக்குவதற்காக அகச்சிவப்பு (ஐஆர்) எல்இடி பொருத்துவதைத் தடை செய்யுங்கள். ஆனால் ரோபோவின் உடலை மேட் கறுப்பாக்குவதையும் சாய்தகடு வைப்பதையும் அனுமதிக்க வேண்டும். அது மறைந்துகொள்ளும் உத்தி, எதிராளியின் சென்சாரைக் கெடுப்பது அல்ல.

சாய்தகடு

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். இரண்டு இடத்தில் மாறுபடுகிறேன்.

ஒன்று, சன்மைக்காவில் கீறல் சோதனை. கையால் எவ்வளவு அழுத்துகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கையை எடுத்துவிட்டு, ரோபோ தன் சொந்த எடையில், சொந்த மோட்டாரில் ஓடட்டும். 10 விநாடி முன்னும் பின்னும் ஓடி, கீறல் இல்லையென்றால் தேறியது. இதற்காக ஒரு சோதனை நிரலை அணிகள் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடலாம்.

இரண்டு, ரோபோவை வைக்கும் முறை. இது இன்னும் யாரும் சொல்லவில்லை. "இருவரும் வையுங்கள்" என்று மட்டும் எழுதினால் இருவரும் காத்திருப்பார்கள், ஏனென்றால் பிறகு வைப்பவருக்குத்தான் லாபம், எதிராளியின் பக்கவாட்டைப் பார்த்து வைக்கலாம். மேடையை நான்கு கால் வட்டமாகப் பிரித்து, எதிரெதிர்க் கால் வட்டத்தில், நடுவர் சைகை காட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். வைத்த பிறகு நகர்த்தக் கூடாது, தொடக்கப் பொத்தானைத் தவிர எதையும் தொடக் கூடாது. உத்தி தேர்ந்தெடுக்கும் டிப் சுவிட்சை வைப்பதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய வழி: முதல் சுற்று பக்கவாட்டில் எதிரெதிர்த் திசை பார்த்து, இரண்டாவது முதுகோடு முதுகு, மூன்றாவது நேருக்கு நேர். நடுவரே திசையைச் சொல்வதால் வாக்குவாதம் இல்லை. தேடும் திறனும் சோதிக்கப்படும். எப்போதும் நேருக்கு நேராக வைத்தால் "நேராகப் போ" என்று ஒரே ஒரு வரி எழுதிய ரோபோ பாதி ஆட்டம் ஜெயித்துவிடும்.

வருகிற அணிகளுக்கும் ஒரு வார்த்தை அனுப்புங்கள் மேடம். மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டாரும் (பிஓ மோட்டார்) 65 மி.மீ. சக்கரமும்தான் பல லேப்களில் இருக்கும். அவற்றை அக்கம்பக்கமாக வைத்து 10 செ.மீ.க்குள் அடக்குவது மிகவும் கடினம். சிறிய என்20 கியர் மோட்டார் வாங்க வேண்டிவரும் என்பது பள்ளிகளுக்கு இரண்டு மாதம் முன்பே தெரிய வேண்டும். 3 செ.மீ. விட்டச் சக்கரம் என்றால், மொத்தத் தள்ளு விசை 5 நியூட்டனுக்கு இரண்டில் ஒவ்வொரு மோட்டாரும் தர வேண்டிய முறுக்குவிசை சுமார் 0.38 கி.கி.-செ.மீ. ஸ்டால் டார்க் (மோட்டார் நின்றுபோகும் அளவு முறுக்குவிசை) அதைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் முட்டும்போது மோட்டார் நின்றுவிடாமல் டயர் வழுக்கும். நின்றுவிட்டால் மின்னோட்டம் ஏறும், ஒரு சேனலுக்கு 0.6 ஆம்பியர் மட்டும் தாங்கும், மோட்டாரை இயக்கும் எல்293டி சிப் முதல் பலி.

லேப்_டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. நான்கு கால் வட்ட முறை பெரிய பிள்ளைகளுக்கு, திசை சொல்லும் முறை 8, 9ஆம் வகுப்புக்கு என்று பிரித்துவிடலாமா? ஒரே போட்டியில் இரண்டு விதி வருமே என்றும் யோசனை.

இன்னும் இரண்டு கேள்வி. 5 விநாடித் தாமதத்தை நடுவர் ஸ்டாப்வாட்சில் பிடித்தால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்களா? 16 அணிக்கு ஒரு மேடை போதுமா?

நடுவர்நாற்காலி

ஒரே போட்டிக்கு ஒரே விதி. திசை சொல்லும் முறையை எல்லோருக்கும் வையுங்கள்.

ஸ்டாப்வாட்சில் ஒரு மனிதர் 0.2 விநாடிக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது, ஆகவே 4.8 விநாடிக்கு மேல் எல்லாம் சரி என்று எழுதிவிடுங்கள். பரிசோதனை மேஜையிலேயே ஒவ்வொரு ரோபோவையும் மூன்று முறை தொடங்கிப் பாருங்கள். அங்கேயே பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும்.

என்னென்ன கோளாறு வரும் என்றால்: நேரத்தைத் துல்லியமாக வைக்கும் வெளிப் படிகம் இல்லாமல், ஏடிமெகா328 கட்டுப்பாட்டுச் சிப்பின் உள் கடிகாரத்திலேயே ஓடும் சொந்த போர்டுகளில் 10 சதவீதம் வரை பிழை வரலாம். நிரலில் 5000 மில்லிவிநாடி என்று எழுதியிருந்தாலும் 4.5 விநாடியில் கிளம்பும். ஆர்டுயினோ ஊனோ, நானோ போர்டுகளில் நேரம் காக்கும் செராமிக் ரெசனேட்டரில் பிழை 0.5 சதவீதம்தான், அதாவது 25 மில்லிவிநாடி. எல்லா அணிகளையும் 5200 என்று எழுதச் சொல்லுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது, பொத்தானை அழுத்தியதிலிருந்து எண்ணுகிறதா விட்டதிலிருந்தா என்பது. விட்டதிலிருந்து எண்ண வேண்டும் என்று விதியில் சொல்லிவிடுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் பிள்ளை கையை எடுப்பதற்கு முன் ரோபோ கிளம்பினால் விரலில் பிளேடு.

மேடை விஷயம். நான்கு அணி வீதம் நான்கு குழு, குழுவுக்கு 6 ஆட்டம், மொத்தம் 24. ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவர் காலிறுதிக்கு. காலிறுதி 4, அரையிறுதி 2, மூன்றாம் இடம் 1, இறுதி 1. ஆக 32 ஆட்டம். வைப்பது, எடுப்பது, மேடை துடைப்பது சேர்த்து ஆட்டத்துக்கு 6 நிமிடம் வைத்தால் 3 மணி 12 நிமிடம். கூடுதல் நேரம், பழுது எல்லாம் சேர்ந்தால் 4 மணி நேரம். ஒரு மேடை போதும், ஆனால் இரண்டாவதாக ஒன்று அதே சன்மைக்கா, அதே பெயின்டில் பயிற்சிக்கு வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் வகுப்பறைத் தரையில் சென்சார் அளவைச் சரிசெய்துவிட்டு மேடையில் வந்து தடுமாறுவார்கள்.

குழுவில் சமநிலை வந்தால் வரிசை: வெற்றி எண்ணிக்கை, இருவருக்குள் நடந்த ஆட்டம், புள்ளி வித்தியாசம், எடை.

கியர்பாக்ஸ்

பரிசோதனை மேஜைக்கு: உள் அளவு 100 மி.மீ. இருக்கும் அக்ரிலிக் சதுரச் சட்டம். ரோபோ தன் எடையிலேயே அதற்குள் இறங்க வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. ஆட்டம் தொடங்கிய பிறகு விரிவது சரி, துண்டு துண்டாகப் பிரியக் கூடாது. 0.1 கிராம் துல்லியத் தராசு, அதைச் சரிபார்க்க ஒரு 500 கிராம் படிக்கல். எடை போடும்போது பேட்டரி உள்ளேயே இருக்க வேண்டும். பேட்டரி மாற்றினால் திரும்ப எடை.

தேறிய ரோபோவின் மேல் கையெழுத்திட்ட சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அந்த ஸ்டிக்கரின் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள், 499.8 கிராமில் வருகிறவர்கள் இருப்பார்கள்.

2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பேட்டரி) நிரம்பினால் 8.4 வோல்ட். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதை மறுபடி சார்ஜ் செய்யவிடாதீர்கள். சார்ஜ் செய்வதற்குத் தனி மேஜை, அடியில் ஓடு அல்லது சிமென்ட் பலகை, பக்கத்தில் ஒரு வாளி மணல், எப்போதும் ஒரு பெரியவர். உப்பிய பேட்டரியைப் பார்த்தால் கேள்வியே இல்லாமல் ஹாலுக்கு வெளியே. முதன்மை சுவிட்ச் ரோபோவின் மேல்பக்கத்தில், கையால் எட்டும்படி இருக்க வேண்டும் என்பதையும் அளவு, எடையோடு சேர்த்து முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.